சகலைக்குப் பார்த்த வண்டி

மெக்கானிக்குக்குத் தன் சகலை மேல் பொறாமை என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். காலையில் எழுந்ததும் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் டிபன் பெட்டியைக் கையில் எடுப்பார். பட்டறையில் யார் விரல் நசுங்கினாலும் முதலில் ஓடிவந்து கட்டுப் போடுவது அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதர். ஆனால் மனைவியின் தங்கை புருஷன் வாசலில் வந்து நின்று "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடிவயிறு மெல்லப் புகையத் தொடங்கிவிடும்.

சகலையின் தொழிலைச் சொன்னால் சிரிப்பு வரும். சக்கரம் வைத்த கழிப்பறைகளை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் கூட்டம் கூடும் மைதானங்களிலும் வாடகைக்கு நிறுத்துவான். அவன் இதை ஆரம்பித்தபோது குடும்பமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. 'சென்ட் கம்பெனி' என்று பெயர் வைத்தவர் மெக்கானிக்தான். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. சென்ட் கம்பெனி மாடி வீடு கட்டிவிட்டது. மாமனார் எந்தப் பேச்சை எடுத்தாலும் "நம்ம சின்ன மாப்பிள்ளை இருக்காரே..." என்றுதான் தொடங்குகிறார். டீசல் எஞ்சினைக் கழற்றி மாட்டியே தலை நரைத்துப்போன பெரிய மாப்பிள்ளையோ இன்னும் அடுத்தவர் பட்டறையில் சம்பளக்காரர்.

இந்த நிலையில்தான் சகலை ஒருநாள் வந்து, செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, மேட்டு மேல பெரிய ஆஸ்பத்திரி கட்டறாங்கள்ல, அந்த வேலை நமக்கு வந்திருக்கு. அடுத்த வாரமே பெரிய டிரெய்லரை மேல ஏத்தி நிறுத்தணும். என் குட்டி வண்டி அதை இழுக்காது. பழைய டீசல் பிக்கப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எஞ்சினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் வந்து பாக்கணும்."

"பாத்துட்டாப் போச்சு" என்றார் மெக்கானிக். உள்ளே புகைந்தது.

முதல் வண்டி கண்ணாடி மாதிரி மினுங்கியது. மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

"இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"இல்லையே, காலையிலேர்ந்து நின்னுட்டேதான் இருக்கு" என்றான் தரகன்.

"வெயிலே இல்லாத ஷெட்ல நின்னே சூடாகுதுன்னா அதிசய வண்டிதான்" என்றார் மெக்கானிக். எஞ்சின் ஆறும்வரை அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஆறிய பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி இருமி இருமி எழுந்தது. பின்னால் நீலப் புகை. ஆயிலைக் குடிக்கிற எஞ்சின். அதை மறைக்கத்தான் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதன் மேலேயே சும்மா வைத்தார். நல்ல எஞ்சின் என்றால் மூடி லேசாக நடுங்கிக்கொண்டு அப்படியே இருக்கும். இது பொரி மாதிரி துள்ளிக் கீழே விழுந்தது. "உள்ள ரிங்கெல்லாம் தேஞ்சுபோச்சு. காலி வண்டியா ஓட்டலாம். பாரம் கட்டினா படுத்துக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. முதல் டீ மெக்கானிக் கைக்கு வந்தது. "பெரிய மாப்பிள்ளை இல்லைன்னா நம்ம பணம் மண்ணாப் போயிருக்கும்" என்றார் மாமனார். கொழுந்தியாள் தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கட் வைத்தாள். மெக்கானிக் டீயை மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தார். வண்டி கிடைக்காமல் இருக்கிறவரைதான் இந்த மரியாதை என்று மனதின் ஒரு மூலை சொன்னது. அவர் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மூன்றாவது வண்டியை விற்கிறவர் ஒரு மாட்டு டாக்டரம்மா. மாடுகளை ஏற்றும் டிரெய்லரை அந்தப் பிக்கப்பில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றியவர். இப்போது ஒரே இடத்தில் வேலை கிடைத்ததால் விற்கிறார். வண்டியின் பக்கவாட்டில் கொம்பு கீறின கோடுகள். உள்ளே வைக்கோல் தூசி. பார்க்க லட்சணமே இல்லை.

மெக்கானிக் பானெட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"நேத்திலிருந்து தொடவேயில்லை. நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னுதான்" என்றார் டாக்டரம்மா.

சாவியைத் திருப்பினார். தூங்கி எழுந்த குழந்தை ஒரே ஒரு கொட்டாவி விட்டுச் சிரிப்பது போல, வண்டி கொஞ்சம் வெண்புகை விட்டுவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தார், அழுத்தம் ஏறாமல் மெத்தென்று இருந்தது. ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்தார். லேசாக நடுங்கியது, நகரவில்லை. கீழே படுத்துப் பார்க்கக் குனிந்தபோது சகலை ஓடிவந்து, சுருட்டி வைத்திருந்த ரப்பர் விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்தான்.

"போன தடவை இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தீங்க. அதான் வெட்டி எடுத்துட்டு வந்தேன். புதுசுதாண்ணே, டிரெய்லர்ல போட்டது இல்லை, பயப்படாதீங்க."

மெக்கானிக் அதில் படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். எங்கேயும் ஒரு சொட்டு கசிவு இல்லை. பாரம் இழுக்கவென்றே பார்த்துப் பார்த்து வளர்த்த எஞ்சின். இந்த வண்டி மேட்டில் ஏறும். ஆஸ்பத்திரி வேலை நடக்கும். அடுத்த வருஷம் இன்னொரு மாடி எழும்பும். "சின்ன மாப்பிள்ளை இருக்காரே..." முதல் டீ மறுபடி அவன் கைக்குப் போகும்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம் தம்பி" என்றார்.

"ஏண்ணே?"

"மூச்சு வாங்குது. ரிங் தேய ஆரம்பிச்சிருக்கு."

டாக்டரம்மா முகம் சுருங்கியது. "எல்லா டீசல் எஞ்சினும் இவ்வளவு மூச்சு விடுமே. சந்தேகமா இருந்தா என் டிரெய்லரைக் கட்டி மேட்டுல இழுத்துப் பாருங்களேன்."

"பாத்த வரைக்கும் போதும்மா." இழுத்துப் பார்த்தால் வண்டி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

சகலை மறுபேச்சு பேசவில்லை. "அண்ணன் வேண்டாம்னா வேண்டாம். உங்க நேரத்தை வீணாக்கிட்டோம், மன்னிச்சுக்கங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

திரும்பி வரும் வழியில், சகலை ஓட்டிய காரில் அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கொழுந்தியாள் குரல் வந்தது.

"என்னங்க, இதையாவது வாங்கியாச்சா?"

"இல்லை, அண்ணன் வேண்டாம்னுட்டார்."

"அத்தானை நம்பி உட்கார்ந்திருந்தா ஆஸ்பத்திரி வேலையை அடுத்தவனுக்குத் தாரை வாத்துட்டு வரவேண்டியதுதான்! அவருக்கு எந்த வண்டியைத்தான் பிடிக்கும்? கடவுளே இறங்கி வந்து ஓட்டினாலும் புகை வருதும்பார்!"

"அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்."

"அத்தான் சாப்பிட்டாரா?" என்றாள் கொழுந்தியாள்.

சகலை வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சொன்னான்: "இங்க பாரு. டிரெய்லரோட மேடு ஏறும்போது எஞ்சின் கைவிட்டா, உருண்டு வரப்போறது நான். அதை நினைச்சுத்தான் அண்ணன் இவ்வளவு பயப்படறார். வேலை போனா போகட்டும், விடு."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தன்னிடம் இல்லாத ஒரு நல்ல எண்ணத்தைத் தன் பேரில் எழுதி வைக்கிறானே, அதைத் தாங்க முடியவில்லை. காலையில் கும்பிட்ட கை இரண்டும் மடிமேல் கிரீஸ் கறையோடு கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் வந்தார்.

"வண்டியைத் திருப்பு" என்றார்.

"எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களாண்ணே?"

"ஆமா."

இவர்களைப் பார்த்ததும் டாக்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "வேற ஒருத்தர் இப்ப வந்துட்டே இருக்கார்" என்றார்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. அவர் வர்றதுக்குள்ள ஒரு தடவை டிரெய்லரைக் கட்டி இழுத்துப் பாக்கலாமா?"

"கொஞ்சம் முன்னாடி என் வண்டிக்கு மூச்சு வாங்குதுன்னீங்க. இப்ப உங்களுக்குத்தான் வாங்குது" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டுக் கொக்கியைத் தானே மாட்டிக் கொடுத்தார்.

மெக்கானிக் ஓட்டினார். பக்கத்தில் சகலை. டிரெய்லரில் தீவன மூட்டைகள் அப்படியே இருந்தன. மேடு தொடங்கியது. வெப்பமானி முள் நடுவில் வந்து நின்றது. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வளைவில் வேகத்தைக் குறைத்து மறுபடி மிதித்தார். திணறலும் இல்லை, கரும்புகையும் இல்லை. உச்சியில் நிறுத்தி இறங்கி, ஹோஸைத் தொட்டுப் பார்த்தார், ஆயில் மூடியை வைத்துப் பார்த்தார். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கிக்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தையை வெளியே எடுக்க, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற பலம் வேண்டியிருந்தது. "பத்து வருஷத்துக்கு உன்னைக் கைவிடாது."

சகலை வண்டியைத் தடவிக்கொண்டே கேட்டான். "அப்புறம் ஏண்ணே முதல்ல வேண்டாம்னீங்க?"

கண் சரியில்லை என்று சொல்லலாம். இடுப்புவலி என்று சொல்லலாம். சகலை இரண்டையும் நம்புவான்.

"பொறாமை" என்றார் மெக்கானிக்.

சகலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "யார் மேல? சென்ட் கம்பெனி மேலயா? நான் நாள் பூரா எதைக் கழுவறேன்னு தெரியுமில்ல!"

"தெரியும். அப்படியும்தான்."

சிரிப்பு நின்றது. சகலை அவர் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். டயரில் பார்க்க ஒன்றுமில்லை. மெக்கானிக் காத்திருந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார்.

"அண்ணே" என்றான் கடைசியில். "அடுத்த தடவை பொறாமை வந்தா முதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு நடைக்குப் பெட்ரோல் போச்சு."

கீழே வந்து முன்பணம் கொடுத்தார்கள். மற்ற வேலைகளைச் சாயங்காலமே முடித்துக்கொள்ளலாம், வண்டியை எடுத்துப் போங்கள் என்றார் டாக்டரம்மா. சகலை வீட்டுக்குப் போன் போட்டான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக்குக்கே எஞ்சின் தெரியவில்லையாம் என்று மாமனார் வீட்டில் இன்று பேச்சு கிளம்பும். குடும்பத்தில் அவருக்கென்று இருந்த ஒரே மரியாதையும் இதோடு சரி.

"வாங்கியாச்சு" என்றான் சகலை போனில். "இல்லல்ல, அண்ணனுக்கு எஞ்சின் தெரியாம இல்லை. மனசுக்கு ஒப்பலைன்னு திரும்ப வந்து, பாரம் கட்டி இழுத்துப் பாத்து, அப்புறம்தான் சரின்னார். யார் செய்வா இப்படி? மாமா பக்கத்துல இருந்தா அவர்கிட்டயும் சொல்லு."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடிவயிறு மறுபடி புகைந்தது. மாடி வீட்டை நினைத்து அல்ல. கேட்ட உண்மையை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பேச எப்படி முடிகிறது இவனுக்கு? இதிலும் முந்திவிட்டானே!

சகலை பிக்கப்பில் ஏறினான். மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவன் எங்கேயும் வேகம் குறைக்கவில்லை. இவர்தான் அழுத்தி மிதித்துக்கொண்டு தொடர வேண்டியிருந்தது.