சென்னியப்பன் மேல் ஓடிய சங்கிலி

கோவை கணபதியில் இருக்கும் அந்த டிசைன் அலுவலகத்தில், காலையில் முதலில் உள்ளே வருபவர் தரையோடு நிலைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் இயந்திரம் வரையும் மென்பொருளுக்கும் அதுதான் வழக்கம். முதலில் வைக்கும் பாகம் அசையாது. பின்னால் வருபவை அதைச் சார்ந்து அசையும். மாலையில் காவலாளி வந்து விடுவித்துவிடுவார்.

பெரும்பாலும் சென்னியப்பன்தான் முதலில் வருவார். இது கடமையுணர்ச்சியா, அசையாமல் இருக்க ஒரு சாக்கா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கும் நீங்கதானா? பேசாம வேர் விட்டுருங்க," என்று சக ஊழியை ஸ்டெல்லா டீயை அவர் கைக்கெட்ட வைத்தாள்.

வேகவைத்த மஞ்சளை மேலே ஏற்றும் இயந்திரத்தில் சங்கிலி இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றி ஓடுவதை அதைக் கேட்டிருந்த பெருந்துறைக்காரருக்கு மதியம் திரையில் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் டிசைன் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் திரையில் சக்கரத்தைச் சுழற்றினார். சங்கிலி ஒரு பல்கூட நகரவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியைத்தான் முதலில் வைத்திருந்தார், அது நிலைத்துப்போயிருந்தது. இத்தனை வருஷ அனுபவத்துக்கு அழகில்லாத தவறு. அதை விடுவித்தார். பிடிமானம் போனதால் சங்கிலியும் சக்கரங்களும் திரையின் கீழ்விளிம்பில் வழிந்து அவர் மடியில் விழுந்தன.

"இயந்திரத்தோட சட்டத்தைத்தானுங்கண்ணா முதல்ல வைக்கோணும்?"

"அதோட அளவு இன்னும் வர்ல, ஸ்டெல்லா."

"அப்ப எதுல மாட்டுவீங்க?"

அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கும் நாற்காலிக்கும் உருளைக்கால். ஸ்டெல்லா மூச்சு விடும்போதே லேசாக நகர்ந்தாள். அசையாதது அவர் ஒருவர்தான்.

பெரிய சக்கரத்தை இடது தோளிலும் சிறியதை வலது முழங்காலிலும் பொருத்தினார். சங்கிலி ஓடியது. சட்டை கிழிந்தது, அவர் நிறுத்தவில்லை.

மதியம் வந்த பெருந்துறைக்காரர் குனிந்து பார்த்தார். "சத்தமே இல்லீங்களே. சீசன் முடியற வரைக்கும் ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க," என்றார் சென்னியப்பன்.

மாலையில் காவலாளி விடுவிக்க வந்தார். விடுவித்தால் சங்கிலி விழும்.

"வேண்டாமுங்க. லைட்டை மட்டும் எரிய விட்டுட்டுப் போங்க."

வீட்டுக்குப் போகும் நேரமாயிற்று. அவர் நிலைத்திருந்ததால் தெரு நகர்ந்தது. வீடுகள் கண்ணி கண்ணியாக வந்து, அலுவலக ஜன்னலருகே சற்று நின்று, கடந்து போயின. அவர் வீடு வந்ததும் மனைவி தெய்வானை தட்டை உள்ளே நீட்டினாள்.

"வெரசா சாப்பிடுங்க. பின்னால பழனிச்சாமி அண்ணன் வூடு காத்துக்கிட்டிருக்குது."

"தோள் வலிக்குது, தெய்வானை."

"எறக்கி வெச்சுட்டு வாங்களே."

"ஓடுமுன்னு சொல்லிட்டேன்."

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் கை கழுவியதும் தெரு ஒரு வீடு நகர்ந்தது.

காலையில் ஸ்டெல்லா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரவெல்லாம் தெரு நகர்ந்து, வாசலில் கடல் வந்து நின்றிருந்தது. சங்கிலிக்கு உப்புக்காற்று ஆகாதென்று கதவைச் சாத்தச் சொன்னார் சென்னியப்பன்.