அரிசிப் பையோடு சுசுனியா

கல்கத்தா தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். இங்கே உக்காந்துக்கிட்டு மலை ஏற ஆசைப்பட்டேன் பாருங்க, அதுக்கே என் வீட்டுக்காரர் முருகானந்தம் ஒரு வாரம் சிரிச்சார். "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான் கோமதி"ன்னார். துறைமுக ஆபீஸ்ல கப்பலையே பார்த்துக்கிட்டிருக்கிற மனுஷனுக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்?

லேக் கார்டன்ஸ்ல எங்க தெருவுலயே ஒரு மலையேற்ற கிளப். அடுத்த வருஷ துர்கா பூஜா லீவுக்கு டார்ஜிலிங் பக்கம் கூட்டிப் போறாங்க. தலைவர் தேபு-தா ஒரு கண்டிஷன் போட்டார். "பௌதி, முதல்ல பாங்குராவுல சுசுனியா மலை. முதுகுல பையோட நடந்து ஏறி, நடந்து இறங்கறவங்களுக்குத்தான் டார்ஜிலிங்." பௌதின்னா அண்ணி. மரியாதையாத்தான் சொன்னார், ஆனா என் உடம்பை ஏற இறங்கப் பார்த்துட்டுச் சொன்னார். எனக்கு வந்தது பாருங்க வீம்பு.

எங்க ஃப்ளாட் மாடிப்படிதான் என் மலை. லேக் மார்க்கெட்ல வாங்கின பொன்னி அரிசியைப் பையில போட்டு மாட்டிக்கிட்டு, விடியக்காலையில கீழேருந்து மேல் மாடிவரைக்கும் ஏறுவேன். லிஃப்ட்ல இறங்கி மறுபடி ஏறுவேன். மூணாம் மாடியில ஒரு வயசான வங்காளி அம்மா, மாஷிமான்னு கூப்பிடுவேன், லிஃப்ட் கெட்டுப்போச்சான்னு கேட்டாங்க. அப்புறம் நான் அதே லிஃப்ட்ல இறங்கறதைப் பார்த்துட்டு, கேக்கறதையே விட்டுட்டாங்க.

ஜனவரியில சுசுனியா போனோம். சால மரக்காடு, காலடியில உருளுற கல்லு, காஞ்ச சருகு. பாதை செங்குத்தா நிமிர்ந்தப்பவும் எனக்கு மூச்சு வாங்கலை. காலேஜ் பிள்ளைங்க பாறைக்குப் பாறை உக்கார, நான் முதல் ஆளா உச்சியில நின்னேன். அப்படி ஒரு சந்தோஷம். அங்கேருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, "கொம்புத்தேன் கைக்கு வந்தாச்சு"ன்னேன்.

இறங்கத் திரும்பினேன். ரெண்டாவது வளைவுலயே தொடை நடுங்குது, முட்டி சொன்ன பேச்சு கேக்கலை. அப்பதான் உறைச்சது. இத்தனை மாசமும் ஏறினேனே தவிர ஒரு படிகூட இறங்கலை. என் மேலயே எனக்கு ஆத்திரமா வந்தது.

தேபு-தா என் பையைக் கேட்டார், கையை நீட்டினார். ரெண்டும் வேண்டாம்னுட்டேன். பையோட உக்காந்து, தேய்ச்சுத் தேய்ச்சே இறங்கினேன். பேண்ட் பின்னால கிழிஞ்சது. ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டேன். அடிவாரத்து ஊத்துக்கு வந்து சேர்றப்போ எல்லாரும் டீ குடிச்சே முடிச்சிருந்தாங்க.

"நடந்து இறங்கலையே பௌதி"ன்னார் தேபு-தா. "அடுத்த மாசம் இன்னொரு குரூப் வருது."

இடுப்புல ஸ்வெட்டர் முடிச்சை இறுக்கிக்கிட்டு, "நானும் வரேன்"னேன்.

வீட்டுக்காரர் கிழிசலைப் பார்த்துட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்"னார். ஆறுதலாம். "ஆனைன்னு சொன்ன வாய்க்கு இன்னிக்குச் சோறு கிடையாது"ன்னேன்.

மறுநாள் விடியக்காலை அதே அரிசிப் பையை மாட்டிக்கிட்டு லிஃப்ட்ல மேல் மாடிக்குப் போனேன். தொடை வலி உயிர் போகுது. கைப்பிடியைத் தொடாம, ஒவ்வொரு படியா இறங்கினேன். மூணாம் மாடியில மாஷிமா பால் பாக்கெட் எடுக்க வந்தவங்க, இப்போ லிஃப்ட் ஏற மட்டும்தான் செய்யுதான்னு கேட்டாங்க.

"ஆமா மாஷிமா, இனிமே நான்தான் இறங்கணும்"னு சொல்லிட்டு அடுத்த படியில காலை வச்சேன்.