கோழிப் பண்ணைக்காரி பார்த்த பூநாரை

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் முதலாளி குமாரசாமி விடமாட்டார். அதனால்தான் சௌந்தர்யா, சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று புளுகிவிட்டு வந்திருந்தாள். பரமத்தி வேலூர்ப் பக்கம் அவருக்கு முப்பதாயிரம் முட்டைக்கோழி, இவள்தான் சூப்பர்வைசர். அந்தப் பண்ணையில் ஒரே சட்டம்: காட்டுப் பறவை கூடும் தண்ணீருக்குப் போனவர் நோயைக் கொண்டுவந்துவிடுவார், ஏழு நாளைக்குக் கேட்டைத் தாண்டக்கூடாது. மறைத்தால் வேலை காலி. போன வருசம் ஜேடர்பாளையம் அணையில் கொக்குப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்த ஒருவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது? பத்து வருசமாகக் கூண்டுக்குள் இருக்கிற பறவையையே பார்த்த கண். செல்போனில் பூநாரையைக் கண்டதிலிருந்து இவளுக்கு ஒரே குடைச்சல். அவ்வளவு நீளக் காலை எங்கே மடக்கி வைக்கும்? தலையைக் கவிழ்த்துக்கொண்டு எப்படித் தின்னும்? கேட்க ஆளில்லை, கிளம்பிவிட்டாள்.

வழிகாட்டி மோகன்குமார், "முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, உதயமார்த்தாண்டபுரம் ஏரி எல்லாம் பாக்கணும்மா, ஒரு நாள் எப்படிப் போதும்?" என்று அங்கலாய்த்தபடி உப்பளக் கரையில் பைனாகுலரைக் கொடுத்தார். பின்னால் வருகிறவர்களை அழைத்துவரப் போனார்.

ஆயிரம் பூநாரையாவது இருக்கும். அழகுதான். ஆனால் பண்ணைக் கண் அழகையா பார்க்கும்? எந்தக் கோழி தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது, எது இரை எடுக்காமல் உம்மென்று நிற்கிறது என்று தேடியே பழகிவிட்டதே. இங்கே முக்கால்வாசி அப்படித்தான் நின்றன. தலையை முதுகில் செருகி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அசையாமல். நோய், சந்தேகமே இல்லை.

நைசாக ஊர் திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாளைக்கே கோழிச் செட்டுக்குள் போக வேண்டுமே. முப்பதாயிரமும் கூண்டுக்குள்ளேயே மடிந்து கிடப்பதை நினைக்க அவளால் முடியவில்லை. போனை எடுத்தாள்.

"ஐயா, நானு கண்ணாலத்துக்கு வரலீங்க. கோடியக்கரையில நிக்கறேன். இங்க பறவைக்கு நோய் கண்டிருக்குதுங்க. நானு பண்ணைக்குள்ள வரக்கூடாதுங்க."

"செருப்ப அங்கயே கழட்டிப் போடு," என்றார் குமாரசாமி. "உன் வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

வெறுங்காலோடு அழுதுகொண்டு நின்றவளைப் பார்த்து மோகன்குமார் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"அது தூங்குதும்மா. பூநாரை ஒத்தக் கால்லதான் தூங்கும்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வேலையையும் தொலைத்தாயிற்று, மானமும் போயிற்று. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அங்கே இந்நேரம் முட்டை லாரியை நிறுத்தி, செட்டு செட்டாக மருந்தடிக்கக் கிளம்பியிருப்பார். மறுபடி கூப்பிட்டாள்.

"ஐயா, நோயில்லீங்களாமா. ஒத்தக் கால்ல நின்னுட்டுத் தூங்குதுங்களாமா."

திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"ஒத்தக் கால்லயா?" என்றார்.

"ஆமாங்க."

"உழுகாதா?"

"உழுகலீங்க. இந்தக் காத்துலயும் அப்படியேதான் நிக்குது."

"இன்னொரு கால எங்க வெச்சிருக்குது?"

"வயித்தோட இழுத்து வெச்சிருக்குதுங்க."

குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "புளுகிப்போட்டுப் போனதுக்கு, எட்டாம் நாள் காலைல ஆறு மணிக்கு வந்து நேர்ல வாங்கிக் கட்டிக்க. வராம இருந்துறாத, செட்டுக்கு ஆளில்ல."

"வாரேனுங்க."

"அதுவரைக்கும் ஊட்டுல வந்து என்ன பண்ணப்போற? அங்கயே இருந்து நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு, சாமி. முப்பது வருசமாக் கோழி வளக்கறேன். அது எப்படித் தூங்குதுன்னு ஒரு நாளு நின்னு பாத்ததில்ல."