லிஃப்ட் ஏறும்போது மட்டும்

வேனுக்குள் குளிர் நின்றுபோனால் முதலில் வாடிப்போகிறவர் கணக்கு வாத்தியார்தான். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியோடு ஏறுகிறவர். வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டார். வேர்த்து ஊற்றினாலும் ஜன்னலைப் பார்த்தபடி வருவார். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவரம்மா ஏசி பொத்தானைத் திருகித் திருகிப் பார்ப்பாள்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கும் வேன் அது. ஏசி அடிக்கடி படுத்துக்கொண்டது. முதலாளி அனுப்பிய ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் குளிரூட்டும் கேஸை ஏற்றிவிட்டு, "இனிமே பிரச்சனை இல்லை" என்று அனுப்பினார்கள். சில நாள் ஜிலுஜிலுவென்று வரும். அப்புறம் அனல்தான்.

"என் பொண்ணுகிட்ட காட்டலாமா சார்?" என்று டிரைவரம்மா போனில் கேட்டபோது முதலாளி இழுத்தார். சொந்தபந்தத்தை வேலையில் நுழைப்பது அவருக்குப் பிடிக்காது.

"சரி, காட்டுங்க. ஆனா அவங்களும் கேஸ ஏத்தி அனுப்பிட்டா, நான் சும்மா இருக்கமாட்டேன்."

மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். ஏசி மெக்கானிக்காகி, சிநேகிதியோடு சேர்ந்து சொந்தமாக ஷெட் போட்ட பிறகும் அம்மா வாயில் அந்தப் பெயர் மாறவில்லை. ஆனால் அவள் வேலை செய்து அம்மா பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஷெட்டில் நின்ற வேனைச் சுற்றி வந்தவள், "நீ அந்த சேர்ல உக்காரும்மா" என்றாள். அதற்குப் பிறகு அம்மா என்று ஒருத்தி இருப்பதையே மறந்துபோனாள். மிச்சமிருந்த கேஸை மெஷினில் இறக்கினாள். குழாய்களுக்குள் நைட்ரஜனை அழுத்தமாக நிரப்பி மீட்டரை மாட்டினாள். எங்காவது ஓட்டை இருந்தால் ஊசி இறங்க வேண்டும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனாள். அவசரமில்லை, தடுமாற்றமில்லை. வீட்டில் தேடினால் ஒரு சீப்பு அகப்படாது இவளுக்கு. இங்கே பார்க்காமலே கை நீட்டினால் வேண்டிய ஸ்பேனர் வந்தது. டிரைவரம்மா சேரின் நுனிக்கு வந்துவிட்டாள்.

ஒரு நுரை கிளம்பவில்லை. ஊசி இம்மிகூட அசையவில்லை.

"ஓட்டையே இல்ல போலிருக்கே" என்றாள் சிநேகிதி.

"இருக்கு. இப்போதைக்கு மூடிக்கிட்டு இருக்கு." வாண்டு கையைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள். "தினமும் ஓட்டறவ நீதான். நீ சொல்லு, எப்ப குறையுது?"

இத்தனை ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியும் இந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. டிரைவரம்மா கண்ணை மூடி, மனசுக்குள் வேனை ஓட்டிப் பார்த்தாள்.

"வாத்தியார் வர்ற நாள்லதான். அவர் ஏறுற வரைக்கும் இருக்குற குளிர், ஏறினப்புறம் ஒரு படி குறைஞ்சிடும். பாவம், அந்த மனுஷனோட ராசின்னு நெனச்சேன்."

"மத்தவங்க எப்படி ஏறுவாங்க?"

"படியில ஏறிடுவாங்க. இவருக்குத்தான் பின்னாடி லிஃப்ட்ட இறக்கணும். அந்த நாற்காலி கல்லு மாதிரி கனம்."

சொல்லி முடித்ததும் அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் வேனின் பின்பக்கம் பார்த்தார்கள்.

லிஃப்ட்டை இறக்கினார்கள். டிரைவரம்மாவும் சிநேகிதியும் அதில் ஏறி நின்றார்கள். போதவில்லை. ஷெட்டில் கிடந்த பழைய கம்ப்ரசர்களையும் தூக்கி வைத்தார்கள். வாண்டு டார்ச்சோடு வேனுக்கு அடியில் புகுந்தாள்.

"இப்ப தூக்கும்மா."

டிரைவரம்மா பொத்தானை அழுத்தினாள். பாரத்தில் வேனின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. அடியிலிருந்து சீறல் கேட்டது, மெலிசாக, பல்லிடுக்கில் காற்று விட்டதுபோல. மீட்டர் ஊசி சரியத் தொடங்கியது. லிஃப்ட்டை இறக்கியதும் சீறல் அடங்கியது.

"திரும்பவும்."

இந்த முறை சீறல் வந்த இணைப்பில் சோப்பு நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. பின்பக்க ஏசிக்குப் போகும் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் உடைந்து தொங்கியது. பாரம் ஏறும்போதெல்லாம் தரை வளைந்து, குழாயை இழுத்து, இணைப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டது. நாற்காலி ஒவ்வொரு முறை ஏறும்போதும் கொஞ்சம் கேஸ் போயிருக்கிறது.

வாண்டு முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தாள். சிரித்தாள். டிரைவரம்மா முந்தானையால் அந்தக் கரியைத் துடைக்கப் போக, "வேலை இருக்கும்மா" என்று மகள் விலகிக்கொண்டாள்.

இணைப்பிலிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, புது கிளாம்ப் போட்டு, வளைந்துகொடுக்கும் ஹோஸ் ஒன்றை இடையில் இணைத்தாள். மறுபடி பாரம் ஏற்றி லிஃப்ட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். ஊசி நின்ற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் கேஸ் ஏற்றினாள்.

முதலாளிக்குப் போன் போட்டார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு சார். எங்கம்மாதான் கண்டுபிடிச்சாங்க."

டிரைவரம்மா போனைப் பிடுங்கினாள். "பொய் சார். நான் வெறுமனே பாரமா நின்னேன். எல்லாம் இவதான்."

"அவங்க சொல்லலைன்னா நான் இன்னும் சோப்பத் தடவிட்டே இருந்திருப்பேன் சார்."

"கேக்கணும்னு இவளுக்குத்தானே சார் தோணுச்சு?"

முதலாளி பொறுத்துப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்சீங்க. நாளைக்கு வண்டி வருமா வராதா?"

"வரும் சார்" என்றார்கள் இருவரும்.

வெயில் தாழ்ந்து, வெளியே இதமான காற்று வீசியது. ஏசியே தேவையில்லை. ஆனாலும் டிரைவரம்மா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அதை முழுவேகத்தில் வைத்தாள். பற்கள் கிடுகிடுத்தன. வீடு போய்ச் சேரும்வரை அவள் அதைக் குறைக்கவேயில்லை.