எதிரி எடுத்த முதல் முடி

பிரிபில் பிரபுவைப் போல வாள் வீச அந்த மலைநாட்டில் ஆளே இல்லை என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். துருக்கியரின் அம்புமுனை ஒன்று அவன் தோளுக்குள் இன்னும் கிடக்கிறது. அப்பேர்ப்பட்டவன் அன்று காலை தன் கல் கோபுரத்தின் உச்சியில் நின்று மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் ராதுனா, சொன்னாக் கேளு. பிள்ளைய அந்த ஆள்கிட்டத் தூக்கிட்டுப் போறது, ஓநாய்க்கு நாமளே ஊட்டி விடற மாதிரி."

"இங்கயே இருந்தா மட்டும்? தொட்டியில தண்ணி அடிமட்டத்துக்குப் போயிருச்சு. உங்க வாளத் தூக்கி உள்ள போடுங்க, ஊத்தெடுக்குதான்னு பாப்போம்."

ராதுனாவின் வாய் அப்படி. சபையில் மன்னரே அவளிடம் பேச்சுக் கொடுக்க யோசிப்பார்.

கீழே கோபுரத்தைச் சுற்றி வளைத்திருந்தவர் வுகோத்தா, அடுத்த பள்ளத்தாக்கின் தலைவர். வசந்தகாலத்தில் மேய்ச்சல் நிலத்துக்காக நடந்த சண்டையில் அவருடைய ஒரே மகனைப் பிரிபில் வெட்டிவிட்டான். மகனுக்கு மகன் என்று கிழவர் கல்லறையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். மற்றவர்கள் போகலாம், பையன் மட்டும் வேண்டும் என்று ஆள் விட்டும் சொல்லியாயிற்று.

பையனுக்கு மூன்று வயது. முடி தோள்வரை தொங்கியது. ஞானத்தகப்பன் வந்து முதல் முடி எடுக்கும்வரை பிள்ளையின் தலையில் இரும்பு படக்கூடாது. பிரிபிலோ அதற்குத் தன் கௌரவத்துக்கு ஏற்ற ஆள் தேடித் தேடி நாளைக் கடத்திவிட்டான். தற்பெருமைக்கு ஏது மருந்து! இப்போது ராதுனா அந்த முடியைத்தான் நம்பினாள். கடவுள் பேராலும் புனித யோவான் பேராலும் கேட்டால் ஞானத்தகப்பனாக மாட்டேன் என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்ல முடியாது. முடி எடுத்துவிட்டால் இரண்டு வீடும் உறவாகிவிடும், பகை தீர்ந்தது. எடுப்பதற்குமுன் கழுத்தை அறுத்துவிட்டால்?

"நானும் வரேன்" என்றான் பிரிபில்.

"உங்களப் பாத்தா அவருக்குச் செத்துப்போன மகன் ஞாபகம்தான் வரும். இங்கயே நில்லுங்க."

கத்தரிக்கோலையும், வெட்டிய முடியைப் பொதிந்துவைக்க ஒரு மெழுகு உருண்டையையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். பிரிபில் வில்லை எடுத்தான். குறி தவறினால் பிள்ளைமேல் படும் என்று கீழே வைத்துவிட்டான். எத்தனையோ படைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறான், இப்படிக் கைகட்டி நின்றதில்லை.

வுகோத்தா ஒரு பாறையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார். ராதுனா நேராகப் போய்ப் பிள்ளையை அவர் மடியிலேயே வைத்தாள். பாறைகளுக்கு நடுவே பேச்சு கோபுரம்வரை தெளிவாகக் கேட்டது.

"கடவுள் பேரால, புனித யோவான் பேரால கேக்கறேன். என் பிள்ளைக்கு மொத முடி எடுத்துவிடுங்க ஐயா."

"தலைவரே, காதுல விழாத மாதிரி இருந்துருங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"விழுந்துருச்சேடா" என்றார் கிழவர்.

கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டு இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். ராதுனா இமைக்கவில்லை, ஓரடி பின்வாங்கவில்லை. அம்மாடி, அது என்ன நெஞ்சு! அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவள் யாரென்று தனக்குத் தெரியவில்லையே என்று மேலே நின்றவனுக்கு மேனி சிலிர்த்தது. பையன் இரண்டு கையாலும் கிழவரின் தாடியைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா பயலே, வலிக்குது" என்றார் வுகோத்தா. குரல் உடைந்திருந்தது.

கத்தி மெல்ல நகர்ந்தது. ஒரு கற்றை, இன்னொரு கற்றை. முடியை மெழுகில் பொதிந்து ராதுனாவிடம் கொடுத்தார். சுற்றி நின்ற முரடர்கள் ஒவ்வொருவராகக் குல்லாயைக் கழற்றினார்கள்.

"ஏம்மா, பேரும் நான்தானே வைக்கணும்?"

"ஆமாங்க. அதுவரைக்கும் செல்லப்பேருதான்."

"அப்ப ஓப்ராத்."

அது செத்த மகனின் பெயர். ராதுனா மெழுகு உருண்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். பிறகு, "நல்ல பேரு" என்று மெல்லச் சொன்னாள்.

"தகப்பன்தான் மொதல்ல கூப்பிடணும். அவன வரச் சொல்லு. வாள வச்சிட்டு வரட்டும்."

பிரிபில் வெறுங்கையோடு இறங்கி வந்தான். இனிச் சாப்பிடக் கூப்பிட்டாலும், திட்டினாலும், கொஞ்சினாலும், தான் கொன்றவனின் பெயரைத்தான் ஆயுசுக்கும் சொல்லவேண்டும். கிழவர் இவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் முதுகைத் திருப்பிக் குதிரையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். மகனுக்கு மகன் என்ற சத்தியத்தை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நிறைவேற்றிவிட்ட அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பிரிபிலுக்குக் கும்பிடத் தோன்றியது. பிள்ளையின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"ஓப்ராத்!"

புல்லில் வண்டைத் துரத்திக்கொண்டிருந்த பையன் கவனிக்கவே இல்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. குதிரையை விட்டுவிட்டு வெடுக்கென்று திரும்பிப் பார்த்தவர் வுகோத்தாதான்.