அடுப்புக்கு மேல் காய்ந்த தாங்கி

அழகுமுத்து தன் மனைவி மேல் வைத்திருந்த பாசத்தில் ஒருவரும் குறை காண முடியாது. அந்தப் பாசம்தான் அவள் காலைத் தின்றது. சொல்ல வயிறு எரிகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். போன வருடம் கொழுந்து எடுக்கும்போது காளியாயி வழுக்கி, மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தாள். முழங்காலின் வெளிப்பக்கம் கல்லில் மோதி நரம்பு செத்துப்போனது. வீக்கம் வற்றிய பிறகும் பாதம் எழும்பவில்லை. காலைத் தூக்கினால் விரல்கள் தரையைப் பார்த்துத் தொங்கின. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் புறங்காலும் மரத்துக் கிடந்தன. அட்டை கடித்தாலும் தெரியாது. போதாததற்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வேறு.

தேயிலை வேரில் தட்டித் தட்டி விழுந்தவளை, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"இன்னொருக்கா விழுந்தா வேலைக்கு ஒம் பேரு போட மாட்டேன். வீட்லயே இருந்துக்க."

நாற்பது வயதுவரை மலையேறியவள். அன்று சோறு இறங்கவில்லை அவளுக்கு. "நான் என்ன மூலையில கெடக்குற சாக்கா?" என்று அழுதாள். அவளை எப்படியாவது நடக்க வைப்பேன் என்று அழகுமுத்து உறுதி எடுத்துக்கொண்டது அன்றுதான்.

விசாரித்துக் கண்டிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு கிளினிக்கில் காலுக்கு அச்செடுத்து, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தாங்கி ஒன்று செய்து கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்புறத்தை அணைத்து, குதிகாலைச் சுற்றி, பாதத்துக்கு அடியில் போகும். மேலே பட்டி. அதைப் போட்டுச் சப்பாத்தை மாட்டினால் பாதம் தொங்காது. பராமரிக்கும் விதத்தை அங்கே வேலை செய்யும் ஜிப்ரியா மிஸ் அவளிடம் தமிழில் பொறுமையாகச் சொன்னார். அழகுமுத்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் அறையில் தனக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டான், மனுஷன்!

தாங்கி வந்த பிறகு காளியாயி விழவே இல்லை. கண்டாக்கும் வாயை மூடிக்கொண்டார். கொழுந்துக் கூடையோடு அவள் மேட்டில் ஏறுவதைக் கீழிருந்து பார்த்தால் அழகுமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனி மாதம். ஒரு மாதமாக வெயில் என்ற பேச்சே இல்லை. ஒரு சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்தவள் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். காலையில் ஈரத்தோடு போட்டால் தோல் ஊறிவிடுமே என்று அழகுமுத்து அதைத் துடைத்து, அடுப்புக்கு மேலிருந்த பரணில் வைத்தான். லயத்து வரிசை வீடுகளில் விறகும் செருப்பும் கம்பளியும் காய்வது அங்கேதான். வேறெங்கே வைப்பான்?

விடிகாலையில் தேத்தண்ணீர் வைக்க எழுந்தவன் அதை எடுத்தான். பக்கவாட்டு விளிம்பு உள்பக்கம் நெளிந்திருந்தது.

அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுபவன் அவன். பிளாஸ்டிக் குழாயை நெருப்பில் காட்டி வளைத்துப் பொருத்துவது கைப்பழக்கம். அடுப்படியில் குந்தி, தாங்கியைத் தணலில் வாட்டி, கரண்டிக்காம்பால் தட்டித் தட்டி நிமிர்த்தினான். கிட்டத்தட்ட பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கிட்டத்தட்டதான் வினை.

"சரியா இருக்கா புள்ள?" என்று கேட்டான் அவள் மாட்டும்போது.

"இருக்குங்க."

மூன்று வாரம் அவள் மலைக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலுறையைக் கழற்றியபோது வீச்சம் அடித்தது. கணுக்காலுக்கு மேலே, வெளிப்பக்கம், தாங்கியின் விளிம்பு உட்கார்ந்த இடத்தில் சதை கறுத்து உள்ளே போயிருந்தது. பாதம் முழுக்க வீங்கியிருந்தது. அழகுமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இதை யார் சூடாக்கியது என்று சிங்களத்தில் கேட்டார். அழகுமுத்து தரையைப் பார்த்தான்.

"வெயில்ல வச்சிட்டேங்க சார். நாந்தான்," என்று காளியாயி உடைந்த சிங்களத்தில் பதில் சொன்னாள்.

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே கொட்டிய மழையைப் பார்த்தார். பிறகு தாங்கியை மேசையில் வைத்தார்.

நஞ்சு ஏறிவிட்டது, சீனியும் கூடிக் கிடந்தது. மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் பார்க்கும் நேரத்தில் அழகுமுத்து கட்டிலோரம் உட்கார்ந்தான். அழுகை முட்டியது. "அது வெயிலு இல்ல புள்ள. நாந்தான்..."

"தெரியும். மாட்டுறப்பவே பாத்தேன், கருகின தடம் இருந்துச்சு. நெருப்புக்கிட்ட வைக்காதீங்கன்னு ஜிப்ரியா மிஸ் அன்னைக்கே சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்ல நாந்தான் மறந்துட்டேன்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"புதுசு செய்யணும்னா ஒரு மாசம் மலைக்குப் போக முடியாது. கண்டாக்கு பேர வெட்டிருவாரு. நீங்களும் அவ்வளவு பாடுபட்டு நிமித்தி வச்சிருந்தீங்க." அவள் கூரையைப் பார்த்தாள். "வலிச்சிருந்தா சொல்லியிருப்பேங்க. வலிக்கவே இல்லியே."

அவன் பக்கத்துக் கட்டில்காரியின் ஆட்கள் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் விசும்பினான்.

காளியாயி முகத்தைச் சுளித்தாள். போர்வையை இறுகப் பிடித்தாள்.

"என்ன புள்ள?"

"இப்பத்தாங்க வலிக்குது. அந்தப் பாதந்தான். விரலு, புறங்காலு, எல்லாம். ஒரு வருசமா இல்லாத வலி. கொஞ்சம் அமுக்கி விடுங்களேன்."

அழகுமுத்து கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்து மெதுவாக அமுக்கத் தொடங்கினான்.