பேர் ஒன்று, குடும்பம் வேறு

கடியப்பட்டணத்தில் கிளீட்டஸ் வீட்டாரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. பேச அவர் விட்டதுமில்லை. அவருடைய இளைய மகள் லிஜி திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்தாள். எலிக்கு நோயை உண்டாக்கும் மரபணுவுக்கு மனிதனில் இணையானது எது என்று கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்கும் வேலை. அவள் பெயரை முதலில் போட்டு ஒரு கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது.

சனிக்கிழமை மத்தியானம் லிஜி லேப்டாப்பை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு சால்வ வேண்டாம். கட்டுரையில ஒரு தப்பு கிடக்கு. நான் செஞ்சது."

கிளீட்டஸ் குரலைத் தாழ்த்தினார். "வேற ஆருக்காவது தெரியுமா?"

"நான் சொன்னாத்தான் தெரியும்."

"பின்ன எதுக்கட்டி சொல்லுத? ஊரு சிரிக்கதுக்கா?"

"எலி ஜீனுக்கு இங்கிலீஷ்ல பேரு எழுதும்போ முதல் எழுத்து மட்டும் பெருசு. மனுஷ ஜீனுக்கு எல்லா எழுத்தும் பெருசு. நான் எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கி, பேரு ஒத்ததையெல்லாம் ஜோடி சேத்துட்டேன். அதுல ஒண்ணு, பேருதான் ஒண்ணு, குடும்பம் வேற."

"அத எப்பிடிக் கண்ட?"

"அதுக்கு அக்கம்பக்கம் நிக்குத ஜீனப் பாத்தேன். எலியில ஒரு கூட்டம், மனுஷன்ல வேற கூட்டம். நம்ம ஊர்ல சிலுவைன்னு பேருள்ள ஆளு எத்தன உண்டுப்பா? பேர மட்டும் கேட்டா பொண்ணு குடுப்பிய?"

மூத்தவளுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை எந்தச் சிலுவையின் மகன் என்று தெரு முழுக்க விசாரித்தவர் கிளீட்டஸ்தான்.

"சொன்னா என்ன ஆவும்?"

"கட்டுரைய திரும்ப வாங்கணும். எங்க கைடு சார் ஏசுவாரு. மறுபடி எப்ப வருமோ. ஆனா அந்த ஜீன நம்பி நாளைக்கு ஒருத்தன் மருந்து தேடுவான்லாப்பா."

அவள் உள்ளே போய் சாருக்குப் போன் செய்தாள். கதவுக்கு இப்பால் நின்று கேட்டார். கம்ப்யூட்டர் மேலோ, கூட வேலை செய்தவர்கள் மேலோ அவள் பழி போடவில்லை. "என் பெழதான் சார்" என்று தொடங்கி, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தாள். யாரும் பார்க்காத இடத்தில் இப்படி நிமிர்ந்து நிற்கத் தனக்கு வந்திருக்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கமிட்டி ஆபீசுக்குப் போனார். நாளைக்குச் சால்வை வேண்டாம் என்று அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு, செயலாளர் டிஜோ சிரித்தான்.

"என்ன மாமா, கட்டுரைய எலி கடிச்சிட்டா?"

"எம்மவ தன் தப்பத் தானே கண்டுபிடிச்சு, தானே சொல்லிட்டா. நீ பிறந்ததுல இருந்து ஒரு தப்பாவது ஒத்துக்கிட்டிருக்கியாலே?"

டிஜோ சிரிப்பை விட்டு, மறுநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த சால்வையை மடிக்கத் தொடங்கினான்.